கொலையாளியை உள்ளே வைத்துக்கொண்டு அணைந்த கம்ப்யூட்டர்

எங்கள் கம்ப்யூட்டர் ஆயுத பூஜை அன்று காலை நல்ல நிலையில் அணைக்கப்பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த விசாரணையில் பலர் இதைச் சந்தேகித்தார்கள். அணைத்தவள் என் மனைவி. பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றவன் நான். திரை இருண்டது, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறியின் இரைச்சல் அடங்கியது, அடுப்பில் குக்கர் இருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

புனேவை ஒட்டிய ஆகுர்டியில் இந்த ஃப்ளாட்டுக்கு நாங்கள் வந்தபோதே அது பழையது. கறுப்பாக இருந்து சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்ட பெட்டி. எல்லோரையும் போல நாங்களும் அதை சிபியு என்றுதான் சொல்வோம். அதன் முதுகில், அந்தக் காலத்து பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பூட்டு செருகியிருக்கும். தமிழ் அடிக்கும் மென்பொருளை வாங்கியபோது கூடவே கொடுத்தது. பூட்டு செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அந்த மென்பொருளில் அடித்ததை வேறு எதிலும் படிக்க முடியாது. பூட்டைச் செருக இடமுள்ள கம்ப்யூட்டரை இப்போது யாரும் விற்பதில்லை. புதிதாக ஒன்று வாங்கலாமே என்று நான் சொல்லும்போதெல்லாம் மனைவி இந்த மூன்று காரணங்களையும் இதே வரிசையில் சொல்வாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள் அவள். கல்யாணமாகிப் புனேவுக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை ஆங்கிலம் மட்டுமே அடித்தாள். ஓய்வு பெற்ற மறுவாரம் துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்தாள். ஆகுர்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பிணமாகக் கிடக்கிறார். எங்கள் சங்கத்துச் செயலாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சென்னையில் மாதம் ஒரு நாவல் போடும் பதிப்பகம் ஒன்று அதை ஏற்றுக்கொண்டிருந்தது. பதினாறு அத்தியாயங்கள் பிடிஎஃப்பாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசி இரண்டும் கம்ப்யூட்டரில் இருந்தன. கொலையாளி யார் என்பது அவற்றில்தான் வருகிறது. தீபாவளிக்குள் அனுப்பாவிட்டால் அந்த மாதத்துக்கு வேறொருவர் நாவல் தயாராக இருக்கிறது என்று பதிப்பாசிரியர் போனில் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார். அடுத்த வாய்ப்பு எப்போது என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. இது அவளுடைய முதல் நாவல்.

நான் ஆங்கில நாளிதழ் ஒன்றில் மற்றவர்கள் எழுதியதை வெட்டியும் ஒட்டியும் பிழைத்தவன். எழுதி முடித்த அத்தியாயங்களை ஒருமுறை பார்த்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, "தொட்டீங்கன்னா அடுத்த பிணம் நீங்கதான்" என்றாள். ஆனால் தன் தொழில் ரகசியங்களைச் சொல்வாள். அவற்றில் முதலாவது இது: "கொலையாளி முதல் அத்தியாயத்துலயே வந்துட்டுப் போயிடணும். யாரும் கவனிக்காத மாதிரி. கடைசியில புதுசா ஒருத்தனக் கொண்டாந்து நிறுத்தறது ஏமாத்து வேலை."

பூஜை வழக்கம்போல நடந்தது. அரிவாள்மனை, மிக்ஸி, காஸ் அடுப்பு, என் ஸ்கூட்டர், நான் அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து மேலே குங்குமம் இட்டாள். நாவல் முடிந்திருந்ததால் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். செவ்வந்தி மாலை ஒன்றும் அதற்கு விழுந்தது. பிறகு அன்று முழுவதும் எந்தக் கருவியையும் தொடக்கூடாது என்பதால் நாங்கள் டிவி பார்த்தோம். டிவி கருவியில் சேராது என்பது எங்கள் வீட்டு ஐதீகம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் ஒரு வரியாவது அடிக்க வேண்டும் என்று குளித்துவிட்டு வந்து அவள் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரையில் ஏதோ வர இருந்தது. அதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் அதேதான். தும்மல் வரப்போவதுபோல முகத்தைக் கோணி, எல்லோரையும் காத்திருக்க வைத்துவிட்டு, தும்மாமலே போகிறவர்கள் உண்டு. அந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் எதிர் ஃப்ளாட்டுக்காரர் கையில் ஆப்டா இலைகளோடு வந்தார். தசராவுக்கு இங்கே எல்லோரும் அந்த இலையைத் தங்கம் என்று சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து பட்டாளத்தோடு புனேவுக்கு வந்தவர். இவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், செய்த பொருளைச் சோதித்துத் தேறியது தேறாதது என்று முத்திரை குத்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் படிக்கத் திணறுவார். ஆகவே மனைவி ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். பதினாறு வரை கேட்டுவிட்டு, வாட்ச்மேன்தான் கொலையாளி என்று குடும்பத்தோடு பந்தயம் கட்டியிருந்தார்.

"சோனா எடுங்கோ சார். இன்னா அக்கா, முகம் இப்டி கீது?"

மனைவி பொத்தானை அழுத்திக் காட்டினாள். அவர் இலைகளைக் கீழே வைத்தார்.

"அரே. வாட்ச்மேன் உள்ள மாட்டிக்கினானா?"

"வாட்ச்மேன்னு நான் சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்ல வேணாம் அக்கா. அவன் முழியே சரியில்ல."

தொழிற்சாலையில் அவர்கள் முறை ஒன்று உண்டு என்றார். சந்தேகப்படும் பாகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி, அது குற்றமற்றது என்று நிரூபித்து, ஓரமாக உட்கார வைக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது குற்றவாளி. மனைவிக்கு இந்த முறை உடனே பிடித்துவிட்டது. நான் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தேன். முதல் நாள் வைத்த பொட்டு அதிலும் இருந்தது.

பக்கத்துத் தகடு கழன்றதும் உள்ளே தெரிந்த தூசியைப் பார்த்து மூவரும் ஓரடி பின்வாங்கினோம். ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தோம். இது நாடு முழுவதும் செய்யப்படும் வைத்தியம். பலன் தந்ததாக ஒருவராவது எப்போதும் சொல்வார். எங்களுக்குத் தரவில்லை. உள்ளே இருந்த வட்டமான பேட்டரியை மாற்றினோம். ஹார்ட் டிஸ்க் ஒயரைப் பிடுங்கிச் செருகினோம். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். அது ஒவ்வொரு முறையும் தும்மப்போய்த் தும்மாமல் போனது. பத்திரமாக விடுவிக்கப்பட்ட பாகங்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மத்தியானம் வந்த விருந்தாளிகளுக்கு நாற்காலி கொண்டுவர வேண்டியிருந்தது.

"மிஷின்ல கரபி இல்ல சார்" என்று தீர்ப்புச் சொன்னார் அவர். கோளாறு என்பதைத்தான் அப்படிச் சொன்னார். "உங்க வீட்டு எர்த்திங் சரியில்ல. பக்கா."

இந்த ஃப்ளாட்டுக்கு வந்ததிலிருந்து கம்ப்யூட்டரை இதே எர்த்திங்கில்தான் ஓட்டுகிறோம் என்று நான் சொன்னேன்.

"அதான் சார். இத்தினி நாள் தாங்கிச்சி. இப்போ கம்ப்யூட்டருக்கும் வயசாவுதுல்ல?"

நான் அதைக் கேட்காமல், ஆட்டோ பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிம்ப்ரி மார்க்கெட்டில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் மராட்டியர், நடுவயது. கடை முழுக்கச் செவ்வந்தித் தோரணம். மேஜையிலிருந்த மல்டிமீட்டர் முதல் ஆறிய தோசைக்கல் போலக் கிடந்த பழைய லேப்டாப்புகள் வரை எல்லாவற்றிலும் மஞ்சளும் குங்குமமும். எங்கள் பெட்டியின் முன்பக்கம் வைத்திருந்த பொட்டைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு முன்பக்கத்து பிளாஸ்டிக் மூடியை மரியாதையாகக் கழற்றி ஒரு ஸ்டூல்மேல் வைத்தார். மதர்போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவரின் நுனியால் ஒரு கணம் தொட்டார்.

கம்ப்யூட்டர் எழுந்தது. எழுந்தது மட்டுமில்லாமல் எழுந்தே இருந்தது. நான் கட்டிங் சாய் என்கிற அரை டம்ளர் டீ ஒன்று குடித்து, இன்னொன்றும் குடித்தேன். அது அணையவில்லை.

"காகா, இதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார் இந்தியில். இங்கே பெரியவர்களைக் காகா, காகூ என்பார்கள். "தூசிதான். ஹீட்சிங்க்கைச் சுத்தம் பண்ணிட்டேன். டென்ஷன் மத் லோ, கவலையே வேணாம்." அணைத்தார், மூடியைப் பொருத்தினார், கயிறு கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, பூட்டைச் செருகி, மனைவி பொத்தானை அழுத்தினாள். விளக்கு. விசிறி. இருட்டு.

"எர்த்திங்" என்றார் எதிர் ஃப்ளாட்டுக்காரர், கதவருகிலிருந்து. உள்ளே வரவும் இல்லை.

பத்திரிகைக்காரனுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் எழுதுவது எளிது. கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை, ஆகவே வீட்டில்தான் கோளாறு. தர்க்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை எதிர் ஃப்ளாட்டுக்காரர் கட்டிடத்தின் பின்புறம் போய், எர்த்திங் கம்பி இறங்கும் குழியின் சிமென்ட் மூடியை நகர்த்தினார். கரியும் உப்பும் போட்டார். அன்று முதல் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். வாளியோடு அவர் இறங்குவதை ஜன்னலிலிருந்து பார்ப்போம். கீழ்வீட்டு மராட்டிய அம்மாள், அங்கே என்ன செடி வைத்திருக்கிறார் என்று என்னிடம் விசாரித்தார். தண்ணீர் ஊற்றி முடித்ததும் அவர் மேலே வந்து, "அக்கா, அழுத்துங்கோ" என்பார். அக்கா அழுத்துவாள். அவர் தலையாட்டிவிட்டு, "பூமி இன்னும் இழுக்கல. நாளைக்கு" என்பார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஆகாச விளக்குகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்ததில் அவர் அதிலிருந்ததை எல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்துத் தந்தார். எதிர் ஃப்ளாட்டு லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். பதினேழாம் அத்தியாயம் இருந்தது, பதினெட்டும் இருந்தது. கட்டம் கட்டமாக, இடையிடையே கேள்விக்குறியும் டாலர் குறியுமாக.

எதிர் ஃப்ளாட்டுக்காரர் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். "இதுல கொலையாளி பேர் எது அக்கா?"

மனைவி ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "இவன்தான்."

"அவன் பக்கத்துல?"

"இன்ஸ்பெக்டர்."

அவர் அந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு ஆவல் இருந்தது.

வேறு வழியில்லாமல் மனைவி நினைவிலிருந்து கையால் எழுதத் தொடங்கினாள். எழுதியதை என்னிடம் வாசித்துக் காட்டினாள். அதுவே நிலைமையின் தீவிரத்தைக் காட்டியது. முதல் தடவை எழுதியபோது கொலையாளி ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக். முந்தைய பதினாறு அத்தியாயங்களில் அப்படி ஒருவர் இல்லையே என்றேன். கிழித்தாள். இரண்டாவதில் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் எர்த்திங் குழியில் ஆயுதத்தை மறைக்கிறான். அதையும் கிழித்தாள். மூன்றாவதில், காபி டம்ளரோடு சும்மா நின்று வேடிக்கை பார்க்கும் ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர் ஒருவர் எந்தக் காரணமும் இல்லாமல் கைதாகிறார்.

"காரணம் வேணுமே" என்றேன்.

"இருக்கு. நான் எழுதல."

பிறகு காகிதங்களை ஒதுக்கிவிட்டு, "எப்படி எழுதினாலும் அது வர மாட்டேங்குது" என்றாள். "ஒரு வாக்கியம் நல்லா விழுந்திருந்துச்சு. எங்க விழுந்துச்சுன்னு ஞாபகமிருக்கு. என்னன்னு ஞாபகமில்ல." குரலில் வேடிக்கை இல்லை. அவள் அந்த நாவலைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

"நானும் வர்றேன்" என்றாள். "அங்க ஓடுதுல்ல? அங்கயே உக்காந்து முடிச்சு அனுப்பிட்டு வர்றேன். பூட்ட எடுத்துக்குங்க."

கடைக்காரர் எங்களை, குறிப்பாகப் பெட்டியை, உறவினர்போல வரவேற்றார். மனைவிக்கு நாற்காலி போட்டார். "பைட்டியே காகூ" என்றார். மூடியைக் கழற்றி, வைக்க வேறு இடமில்லாததால் அவள் மடியிலேயே கொடுத்தார். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஊசிகளைத் தொட்டார். கம்ப்யூட்டர் எழுந்து, எழுந்தபடியே நின்றது.

"இவரு எதத் தொட்டாரு?" என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

நான் இந்தியில் கேட்டுச் சொன்னேன். அந்த இரண்டு ஊசிகளிலிருந்துதான் ஒயர் முன்பக்கப் பொத்தானுக்குப் போகிறது. பொத்தான் செய்கிற வேலையைத்தான் ஸ்க்ரூடிரைவர் செய்கிறது. மூடி கழன்றிருப்பதால் இப்படி.

"பொத்தான அழுத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

கடைக்காரர் அதற்கு என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. சைகையிலேயே புரிந்துகொண்டார். கட்டாயமாக அணைந்துவிடும், அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பினார்.

மனைவி குனிந்து மடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூடியின் நடுவில் வட்டமான பொத்தான். அதன்மேல், அதைவிடப் பெரிய வட்டமாக, ஆயுத பூஜைச் சந்தனம். மேலே குங்குமம் உதிர்ந்துவிட்டது. சந்தனம் உதிரவில்லை. பொத்தானைச் சுற்றியிருந்த சந்துக்குள் இறங்கி, ஒரு நாள் முழுக்க யாரும் தொடாமல் காய்ந்து, பல்லுக்குள் அடைக்கும் சிமென்ட்போல இறுகியிருந்தது. அவள் விரல் நுனியால் பொத்தானைத் தொட்டாள். அழுந்திய பொத்தான் பத்து எண்ணும்வரை அப்படியே உள்ளேயே இருந்துவிட்டு, பிறகுதான் மெல்ல வெளியே வந்தது.

இந்த ஊரில் அந்த வாரம் பொட்டு இல்லாத இயந்திரமே கிடையாது. அதனால் அதை எல்லோரும் பார்த்தோம், கடைக்காரர் கும்பிடவும் செய்தார், யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வைப்பது உலர்ந்த மஞ்சள் பொடி, தட்டினால் போய்விடும். ஈரச் சந்தனத்தின் குணம் அவருக்கு எப்படித் தெரியும்?

"ஏன் அங்க வெச்ச?" என்று மெதுவாகக் கேட்டேன். "எப்பவும் மேலதானே வைப்ப?"

"நாவல் முடிஞ்சிருந்துச்சு. உயிர் எங்க இருக்கோ அங்க வெக்கணும்னு தோணிச்சு."

அவள் கடைக்காரர் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் ஒரு சேஃப்டி பின்னையும் எடுத்தாள். கைக்குட்டையை நனைத்தாள். பொத்தானைச் சுற்றி அந்தப் பின்னின் நுனியால் சுரண்டி, துடைத்து, மறுபடி சுரண்டி, கைக்குட்டையை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். டக் என்று வெளியே வந்தது. துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களுக்குத் தடயத்தை அழிக்கவும் தெரிந்திருக்கும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

"எதையாவது பாத்தீங்களா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து அனுப்பும் யோசனை பிறகு எழவில்லை. கடைக்காரர் மூடியைப் பொருத்திக் கயிறு கட்டினார். வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தியபோது எதிர் ஃப்ளாட்டுக்காரர் காலி வாளியோடு படியேறிக்கொண்டிருந்தார். விசிறிச் சத்தம் நிற்காமல் கேட்டதும் வாசலிலேயே நின்றார். திரையில் எழுத்துகள் வந்தன. கட்டங்கள் இல்லை.

"நான் இன்னா சொன்னேன் சார்?" என்றார். "பூமி இழுத்துச்சி."

மனைவி என்னைப் பார்க்காமல், "நீங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும் தம்பி" என்றாள். அவர் அன்று மாலைக்குள் எங்கள் கட்டிடத்திலும் அடுத்த கட்டிடத்திலும் மின்சாரக் கோளாறு உள்ளவர்களை எல்லாம் விசாரித்து, குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றி விளக்கினார். இன்றும் ஊற்றுகிறார். அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு கறிவேப்பிலைச் செடி முளைத்துவிட்டது.

தொலைந்துபோன வாக்கியம் இருந்த இடத்தில் இருந்தது. மனைவி அதைக் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் படித்தாள். இரண்டு அத்தியாயங்களையும் கடைசிவரை படித்தாள். உடனே அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ சென்னைக்குப் போன் செய்து, தீபாவளிக்கு முந்தின நாள் வரை நேரம் கேட்டு வாங்கினாள்.

"எல்லாம்தான் திரும்பக் கிடைச்சாச்சே" என்றேன்.

"கிடைச்சாச்சு. ஆனா இதுல கொலகாரன் எல்லாத்தையும் திட்டம் போட்டுல்ல பண்றான்?" என்றாள், ஏதோ அருவருப்பானதைச் சொல்வதுபோல. பதினெட்டாம் அத்தியாயத்தை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். என்னை அறைக்குள் விடவில்லை.

நாவல் வெளிவந்ததும் முதல் பிரதியை எதிர் ஃப்ளாட்டுக்காரருக்குத்தான் கொடுத்தாள். கடைசி அத்தியாயத்தை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கும் அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன் நிரபராதி. செயலாளரைக் கொன்றவள், முதல் அத்தியாயத்தில் அவருக்குக் காபி கொடுத்துவிட்டுப் போய்விடும் அவருடைய மனைவி. வெறுப்பில் செய்யவில்லை. அவர் ரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று பக்தியோடு தினமும் எதையோ கலந்து கொடுத்திருக்கிறாள். அன்று ஒரு விசேஷம், ஆகவே கொஞ்சம் தாராளமாக. இன்ஸ்பெக்டர் கடைசியில் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போகிறார்.

எதிர் ஃப்ளாட்டுக்காரர் புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பந்தயத்தில் தோற்ற வருத்தம் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் கீது சார்" என்றார் பிறகு. குரலைத் தாழ்த்திக்கொண்டார், சமையலறையில் மனைவி இருந்தாள். "ஆனா நல்லது பண்ணப் போயி யாராச்சும் இப்டி மாட்டுவாங்களா? நம்பற மாதிரியா கீது? அக்காகிட்ட நீங்க சொல்லுங்கோ. அடுத்த வாட்டி கொஞ்சம் நெஜத்துல நடக்கற மாதிரி எழுதச் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன்.